விடை பெறப்பட்டது

மேலணையில் திறந்துவிட்ட நீர் கழிமுகத்தை எட்ட நாற்பத்தொரு மணி நேரம் இருந்தது. அன்றைய முடிச்சின் முதல் வரி அதுதான். ஐயக்கூடத்தின் சுவரில் அந்த வரி எழுந்தபோது நான்கு பிள்ளைகளில் மூன்று பேர் இன்னும் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். நான்காவது ஆளான பியோ செருப்பே போட்டு வருவதில்லை.

எழினி வாசலில் நின்று தன் துணைச்செவியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். காதை விட்டு அது வெளியே வந்ததும் ஒரு கணம் கால் தடுமாறும். இரண்டு வருடமாகத் தினமும் கழற்றுகிறாள், இன்னும் பழகவில்லை. இன்று வெயில் எப்படி, மதியம் என்ன சாப்பிடலாம், எதிரே வருகிறவரிடம் என்ன பேசலாம் என்று கேட்காமலே சொல்லிக்கொண்டிருக்கும் மென்குரல் சட்டென்று நின்றுபோகும். பிறகு மின்விசிறிச் சத்தமும் பிள்ளைகளின் சத்தமும்தான் மிச்சம்.

பதின்மூன்று வயது நிறைந்த எல்லோருக்கும் துணைச்செவி உண்டு. அதற்கு முன்னால் யாருக்கும் பொருத்தக்கூடாது என்பது சட்டம். ஒரு காலத்தில் பிறந்த குழந்தைக்கே பொருத்திப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து, சட்டைப் பொத்தானை மேலிருந்து போடுவதா கீழிருந்து போடுவதா என்று காதைக் கேட்டுவிட்டுப் போட்டார்கள். அதற்குப் பிறகு வந்ததுதான் ஐயக்கூடம். ஒன்பது வயதிலிருந்து நான்கு வருடம், தினம் இரண்டு மணி நேரம், நான்கு நான்கு பேராக உட்கார்ந்து ஒரு முடிச்சை அவிழ்க்க வேண்டும். காதில் எதுவும் இருக்கக்கூடாது. பெரியவர்கள் உதவக்கூடாது.

ஆனால் ஒரு பெரியவர் கூடவே இருக்க வேண்டும். அவருக்கு உடனிருப்பாளர் என்று பெயர். சரி என்றோ தப்பு என்றோ அவர் சொல்லக்கூடாது. தலையாட்டக்கூடாது. புருவத்தைக்கூட உயர்த்தக்கூடாது. வாயைத் திறக்கத் தேவையில்லாத வேலை என்பதால்தான் எழினி அறிவியல் படித்து முடித்ததும் இதற்கு விண்ணப்பித்தாள். நான்கு பேர் கூடிய இடத்தில் அவளுக்குப் பேச்சு வராது. இங்கே அதுவே தகுதியாகிவிட்டது.

முதல் நாளன்று பிள்ளைகளிடம் ஒன்று மட்டும் அவள் சொல்லியாக வேண்டும். சொல்ல வேண்டிய வார்த்தைகளை மேலிடமே எழுதிக் கொடுத்திருந்தது. "அணையை எப்போ திறக்கணும், எந்தத் தெருவுக்கு எவ்வளவு தண்ணி, எங்க பாலம் கட்டணும், எல்லாத்தையும் தீர்மானிதான் முடிவு பண்ணுது. நீங்க எழுதுற விடையும் அதுகிட்டப் போகும். அதனால பொறுப்பா யோசிங்க." இதைக் கேட்டதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஒவ்வொரு குழுவிலும் இது நடக்கும். எழினியும் ஒன்பது வயதில் அப்படித்தான் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பன்னிரண்டு வயதில் அவளுடைய குழு ஒரு பாலத்துக்கு விடை எழுதியது. அடுத்த வருடம் அந்தப் பாலத்தைப் பலப்படுத்தினார்கள். பல வருடம் அவள் அந்தப் பாலத்தின் மேல் நடக்கும்போதெல்லாம் கைப்பிடிச் சுவரைத் தொட்டுக்கொண்டே நடந்திருக்கிறாள்.

சேந்தன்துறையின் ஐயக்கூடம் ஆற்றின் கடைசி வளைவில், பழைய வடிகாலை ஒட்டி இருந்தது. கடல் உள்ளே வந்தபிறகு ஊர் மேட்டுக்கு நகர்ந்துவிட்டது. ஆறு கடலில் சேரும் இடத்தில் பெரிய கதவுகளோடு சட்டர்ஸ் கட்டியிருந்தார்கள். கடல் ஏறும்போது அதை மூடுவார்கள், இறங்கும்போது திறந்து ஆற்று நீரை வெளியே விடுவார்கள். சட்டர்ஸுக்கு வெளியே கடல்நீர் ஏறி இறங்கும் கழி, கூடத்தின் பின்புறம்வரை நீண்டு கிடந்தது. கீழே, ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே, உப்பளக் குடியிருப்பில் இன்னும் சில குடும்பங்கள் இருந்தன.

சுவரில் முடிச்சு முழுதாக விரிந்தது. நாளை மறுநாள் விடியற்காலை இரண்டு மணிக்கு வெள்ளம் சட்டர்ஸை அடையும். அப்போது கடல் வற்றி இருக்கும். எல்லாக் கதவுகளையும் திறந்துவிட்டால் வெள்ளம் கடலுக்குள் போய்விடும், யாருக்கும் பாதிப்பில்லை. இதுதான் தீர்மானியின் திட்டம். கடலோரத்திலும் கழிக்குள்ளும் இருக்கிற இரண்டு நீரளவிகள் மூன்று மாதமாகக் காட்டிய எண்கள் கீழே வரிசையாக வந்தன. இந்தத் திட்டத்தில் குறை உண்டா என்பது கேள்வி.

அன்றைக்கு எதிராளியாக இருப்பது நன்மாறனின் முறை. எதிராளியின் தோளில் ஒரு சிவப்புத் துண்டு கிடக்கும். துண்டு தோளில் இருக்கும்வரை மற்றவர்கள் எதைச் சொன்னாலும் அவன் மறுக்க வேண்டும். நன்மாறன் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு, குறை இல்லை என்று யார் சொன்னாலும் உதைப்பேன் என்றான். இன்னும் யாரும் எதுவும் சொல்லவே இல்லை என்றாள் சுடர்மதி. அதையும் மறுக்கிறேன் என்றான்.

அரை மணி நேரம் அவர்கள் கதவுகளின் எண்ணிக்கையிலும் ஆற்றின் அகலத்திலும் குறை தேடினார்கள். சுடர்மதி விரலை மடக்கிக் கணக்குப் போட்டு, அதெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றாள். நன்மாறன் மறுப்பதற்கு எதுவும் கிடைக்காமல் சுவரின் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தலைப்பாகையை அவிழ்த்தான்.

"இது ரெண்டும் காப்பியடிச்சிருக்கு" என்றான்.

"எது?"

"ரெண்டு அளவியும். பாரு, ஒரே எண்ணு. நேத்து, முந்தாநாளு, போன மாசம். புள்ளி வெச்சு ரெண்டு தானம் வரைக்கும் ஒண்ணாவே இருக்கு. நான் பரீட்சையில காப்பியடிச்சா எப்படி மாட்டுவேன்? விடை சரியா இருக்கறதால இல்ல. தப்புகூட ஒரே மாதிரி இருக்கறதால."

"நீ பேரையும் சேத்துக் காப்பியடிச்சதால மாட்டுன" என்றாள் மர்ஜானா.

அவர்கள் சிரித்து முடித்ததும் சுடர்மதி எழுந்து சுவர் அருகே போனாள். கடலோரத்தில் அலை அடிக்கிறது, கழிக்குள் அலை இல்லை. இரண்டும் எப்படி இவ்வளவு துல்லியமாக ஒத்துப்போகும் என்று கேட்டாள். ஒன்று செத்துப்போயிருக்க வேண்டும், செத்ததன் இடத்தில் மற்றதன் எண்ணையே போட்டு நிரப்பியிருக்க வேண்டும் என்று நால்வரும் மெல்ல மெல்ல அந்த முடிவுக்கு வந்தார்கள்.

பியோ அதுவரை ஒன்றும் பேசவில்லை. அவன் எப்போதும் கடைசியில்தான் பேசுவான்.

"அப்போ நம்ம கம்பு தப்பில்ல" என்றான்.

கருவி இல்லாமல் நீர்மட்டத்தை அளக்க வழி கண்டுபிடிப்பது போன மாதத்து முடிச்சு. பிள்ளைகள் ஒரு மூங்கில் கம்பில் பட்டை பட்டையாக வண்ணம் பூசிக் கூடத்துக்குப் பின்னால் கழியில் நட்டு, ஒரு வாரம் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். சுவர் எண்கள்படி கடல் இறங்கத் தொடங்கி மூன்றரை மணி நேரம் கழித்துத்தான் கம்பில் நீர் இறங்கியது. சுவர் தப்பாக இருக்காது, கம்பைத்தான் தப்பாக நட்டுவிட்டோம் என்று அன்று முடிவு செய்து வருத்தத்தோடு விட்டுவிட்டார்கள். பியோ மட்டும் ஒத்துக்கொள்ளாமல் மூன்று நாள் யாருடனும் பேசாமல் இருந்தான்.

அதன்பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. கம்பு சொல்வது உண்மையென்றால், வெள்ளம் வரும் இரண்டு மணிக்குக் கழியில் நீர் வற்றியிருக்காது. சட்டர்ஸுக்கு வெளியே இருக்கும் நீர் உள்ளே இருப்பதைவிட உயரமாக நிற்கும். கதவைத் திறந்தால் கடல் உள்ளே வரும். திறக்காவிட்டால் ஆறு பின்வாங்கும். பின்வாங்கினால் எங்கே போகும் என்று சுடர்மதி கேட்டாள். மர்ஜானா தரையில் வரைந்திருந்த படத்தில் உப்பளக் குடியிருப்பின் மேல் விரல் வைத்தாள்.

"எங்க தெருவுக்கு" என்றாள். பிறகு, "சரி, அப்போ என்ன செய்யணும்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி எப்போதும் அவளுடையது.

பழைய வடிகாலின் மதகைத் திறந்து ஆற்று நீரில் ஒரு பங்கைக் கைவிடப்பட்ட இறால் குட்டைகளுக்குள் திருப்ப வேண்டும் என்று முடிவானது. குட்டைகள் மெதுவாகத்தான் நிறையும். அதனால் நாளை மதியத்துக்குள் திறந்தால்தான் பலன் உண்டு. மர்ஜானாவின் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் அவளே பலகையில் எழுதினாள். எழுதி முடித்ததும் சுவரில் பச்சை எழுத்துகள் வந்தன. விடை பெறப்பட்டது. ஆழமான சிந்தனை. தீர்மானி இதைக் கணக்கில் கொள்ளும்.

நன்மாறன் துண்டைக் கூரையை நோக்கி எறிந்தான். மர்ஜானா எழினியைப் பார்த்தாள். எழினி தலையாட்டவில்லை. புருவத்தையும் உயர்த்தவில்லை.

பிள்ளைகள் போனபிறகு அவள் துணைச்செவியை எடுக்காமல் கூடத்துக்குப் பின்னால் போய்க் கம்பைப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து, மர்ஜானா வரைந்த படத்தை வைத்துக் கணக்கைத் தானே போட்டாள். பிள்ளைகள் ஓடிக் கடந்த இடங்களில் அவள் நின்று நின்று போக வேண்டியிருந்தது. ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டு இன்னொன்றை எடுப்பதற்குள் முதல் எண் நழுவிவிடும். காது கேட்டுக்கொண்டே இருந்தது, யாராவது சொல்லமாட்டார்களா என்று. கடைசியில் விடை வந்தது. பிள்ளைகளின் விடைதான்.

மதகைக் கையால் திறக்க வழியில்லை. அதன் திருகுசக்கரங்களை அவள் பிறப்பதற்கு முன்பே கழற்றிவிட்டார்கள். தீர்மானி சொன்னால்தான் அது அசையும். தீர்மானிக்குப் புதிய தகவல் ஒன்றைச் சேர்க்க ஊரில் அதிகாரம் உள்ள ஒரே ஆள் நீர்க்காவல் அலுவலர் அருள்நம்பி. அவர் எழினியை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, அவள் திக்கித் திக்கிச் சொன்னதை முழுதாகக் கேட்டார். அவர் நல்ல மனிதர். அதுதான் அவளுக்குத் தாங்கமுடியாததாக இருந்தது.

"ரெண்டு அளவியும் ஒண்ணா இருக்கறது நல்லதுதானேம்மா? ஒத்துப்போகுதுன்னுதானே அர்த்தம்?" என்றார்.

அவள் காப்பியடிப்பதைப் பற்றிச் சொன்னாள். அவர் தலையைச் சாய்த்துத் தன் காதைக் கேட்டார். கழிக்குள் இருக்கும் அளவி நலமாக இருப்பதாகச் சொல்கிறது என்றார். நேரில் போய்ப் பார்க்கலாமே என்றாள். போய்ப் பார்க்கலாம், பார்த்து என்ன செய்வது என்று அவர் உண்மையாகவே கேட்டார். பார்த்தது ஒன்றாகவும் காது சொல்வது வேறாகவும் இருந்தால் எதை எடுத்துக்கொள்வது என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

"நீங்க சொல்றது வார்த்தை வார்த்தையாப் புரியுது. ஆனா சேத்துப் பாத்தா என் கையில நிக்கமாட்டேங்குது. கோவிச்சுக்காதீங்க. பிள்ளைங்க விடையை உள்ளே சேக்க இங்க ஒரு வழியும் கிடையாதே. அது உங்களுக்கே தெரியும்தானே?"

தெரியும். உடனிருப்பாளர் பயிற்சியின் மூன்றாவது நாளில் அதைச் சொன்னார்கள். முடிச்சுகள் அன்றன்றைய உண்மை எண்களிலிருந்து தாமாகவே உருவாகின்றன. பொய் எண்களைப் பிள்ளைகள் மோப்பம் பிடித்துவிடுகிறார்கள். ஆகவே கேள்வி நிஜமாக இருக்க வேண்டும், விடைக்கு மதிப்பு இருப்பதாகவும் அவர்கள் நம்ப வேண்டும். நம்பினால்தான் மூளை உழைக்கிறது. அதைக் கேட்ட அன்று மாலை எழினி வீட்டுக்குப் போகும் வழியில் பாலத்தின் கைப்பிடிச் சுவரைத் தொடவில்லை.

பயிற்சியில் ஒரு பதிவையும் காட்டினார்கள். தெற்கே எங்கோ ஒரு கூடத்தில் ஓர் உடனிருப்பாளர் மனம் பொறுக்காமல் பிள்ளைகளிடம் அந்த உண்மையை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். அடுத்த நாள் அந்த நால்வரும் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தார்கள். முடிச்சை யாரும் படிக்கவில்லை. ஒருத்தி தரையில் கோடு கிழித்தாள். ஒருவன் சாப்பாடு எப்போது என்று கேட்டான். அப்படிப்பட்ட குழுவைக் கலைந்த குழு என்பார்கள். மற்றப் பிள்ளைகளிடம் அவர்கள் சொல்லிவிடக்கூடாது, அவர்களும் சும்மா உட்கார்ந்து வாடக்கூடாது என்பதற்காக, வயது ஆகாவிட்டாலும் அன்றே துணைச்செவி பொருத்திவிடுவார்கள். பதிவின் கடைசியில் அந்தப் பிள்ளைகள் அமைதியாக இருந்தார்கள். முகத்தில் ஒரு கவலையும் இல்லை.

மறுநாள் காலை மர்ஜானாதான் முதலில் வந்தாள். வந்ததும் எழினியிடம் வீட்டுக் கதையைச் சொன்னாள். வாப்பாவிடம் முடிச்சைப் பற்றிச் சொன்னபோது அவர் பதறி மூட்டை கட்டத் தொடங்கிவிட்டாராம். உம்மாவுக்குக் குழந்தை பிறந்து பத்து நாள்தான் ஆகிறது. தைத்த இடம் ஆறவில்லை, மேட்டுக்கு ஏற முடியாது, கட்டிலோடு தூக்கித்தான் போக வேண்டும். அதற்கு ஆள் பார்க்கக் கிளம்பிவிட்டாராம்.

"நாந்தான் அவுக்கச் சொன்னேங்க்கா. விடை போயிருச்சு வாப்பா, வடிகாலைத் திறந்துருவாங்க, உம்மாவை ஏன் அலைக்கழிக்கறீங்கன்னு சொன்னேன். காதுல ஆபத்தில்லைன்னுதான் சொல்லுது, ஆனா நீ சொன்னா எனக்கு நம்பிக்கைன்னு சொல்லிட்டு எல்லாத்தையும் அவுத்து வெச்சுட்டார்."

அவள் இதைப் பெருமையாகச் சொன்னாள். எழினிக்குக் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அன்றைய முடிச்சு தெருவிளக்குகளைப் பற்றியது. பிள்ளைகள் உற்சாகமாகச் சண்டை போட்டார்கள். அவள் காதில் ஒன்றும் விழவில்லை.

வகுப்பு முடிந்ததும் தலைமை உடனிருப்பாளரிடம் போனாள். அந்த அம்மாள் முழுதும் கேட்டுவிட்டு, துணைச்செவி சொன்ன ஆறுதல் வார்த்தைகளை வரி மாறாமல் அவளுக்குச் சொன்னார். எழினியின் காதிலும் அதே வார்த்தைகள் ஓடிக்கொண்டிருந்ததால் அவர் சொல்லி முடிக்கும் முன்பே வாக்கியத்தின் முடிவு அவளுக்குத் தெரிந்திருந்தது.

பிறகு உப்பளக் குடியிருப்புக்கே போனாள். மர்ஜானாவின் வாப்பா கமாலுத்தீன் உப்பு வாரும் ஆட்களுக்குக் கங்காணி. அவர் கிளம்பினால் மற்ற வீட்டுக்காரர்களும் பின்னால் வருவார்கள், காரணம் கேட்கமாட்டார்கள். அவர் வாசலில் நின்றபடி எழினியை வரவேற்றார். உள்ளே குழந்தை சிணுங்கியது. எதற்கும் இன்றிரவு மட்டும் மேட்டுக்குப் போய்விடுங்கள் என்று அவள் சொன்னாள். ஏன் என்று அவர் கேட்டபோது அவளால் சொல்ல முடியவில்லை. அவர் காதில் துணைச்செவி இருந்தது. அவள் காதிலும் இருந்தது. இரண்டும் கேட்கும்.

"எம்பொண்ணு கணக்குல தப்பு இருக்கா?" என்று கேட்டார்.

இல்லை என்றாள்.

"விடை வந்து சேந்துச்சுன்னு பச்சை எழுத்து வந்துச்சாமே?"

வந்தது என்றாள்.

"அப்புறம் என்னம்மா? நீங்க ரொம்பப் பயப்படுறீங்க. டீ குடிச்சிட்டுப் போங்க." உள்ளே திரும்பி, மர்ஜானாவின் டீச்சர் வந்திருக்கிறார் என்று குரல் கொடுத்தார். எழினி டீ குடித்தாள். ஏலக்காய் போட்டிருந்தார்கள்.

மாலை நான்கு மணிக்குப் பியோ அவளைத் தேடி வந்தான். பழைய வடிகாலுக்கு உடனே வரச் சொன்னார்கள் என்றான். மூச்சு வாங்கியது.

மற்ற மூவரும் வடிகாலுக்குள்ளேயே இறங்கி நின்றிருந்தார்கள். தரை வெடித்துக் காய்ந்து கிடந்தது. நான்கு மணி நேரத்துக்கு முன்பே இங்கே இடுப்பளவு நீர் ஓடியிருக்க வேண்டும். மதகின் இரும்புக் கதவு அசையாமல் நின்றது. அதன் அடியில் ஒரு நாய் படுத்திருந்தது.

அவர்கள் வழக்கம்போல் வட்டமாக உட்கார்ந்தார்கள். எழினி வழக்கம்போல் சற்றுத் தள்ளி நின்றாள். இன்றைக்கு எதிராளி யார் என்று சுடர்மதி கேட்டாள். தன் முறைதான் என்றாள் மர்ஜானா. துண்டு கூடத்தில் இருந்ததால் தன் துப்பட்டாவை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

சுடர்மதி விரலை நீட்டி எண்ணினாள். தீர்மானி விடையைப் படித்து, தப்பு என்று ஒதுக்கியிருக்கலாம். அல்லது வேறு ஏதாவது நல்ல வழி வைத்திருக்கலாம். அல்லது இன்னும் படிக்காமல் இருக்கலாம். மூன்றில் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

"நாலாவது ஒண்ணு இருக்கு" என்றான் நன்மாறன். அவன் சிரிக்கவில்லை. "திட்டாதீங்க. போன மாசம் குப்பை முடிச்சு வந்துச்சே, அன்னிக்கு மர்ஜானா காய்ச்சல்னு வரல, நாந்தான் எழுதுனேன். நம்ம விடைய எழுதல. ஊர்க் குப்பையெல்லாம் எங்க சித்தப்பா வீட்டு மொட்டை மாடியில கொட்டணும், அவரு முழிச்சிருந்தா ராத்திரி கொட்டணும்னு எழுதுனேன். சும்மா, என்ன சொல்லுதுன்னு பாக்கறதுக்கு."

"என்ன சொல்லுச்சு?"

"ஆழமான சிந்தனை. தீர்மானி இதைக் கணக்கில் கொள்ளும்."

பியோ ஒரு மண்கட்டியை எடுத்து மதகின் மேல் எறிந்தான். நாய் எழுந்து போனது.

மர்ஜானா எதிராளியாகத் தன் வேலையைச் செய்தாள். ஒரு தடவை நடந்ததை வைத்து முடிவு செய்யக்கூடாது என்றாள். தீர்மானிக்குப் பிள்ளைகளைத் திட்ட மனம் வராமல் இருக்கலாம், விளையாட்டு விடை என்று தெரிந்தும் மரியாதைக்குச் சொல்லியிருக்கலாம் என்றாள். அப்படியென்றால் நல்ல விடைக்கும் மரியாதைக்குத்தான் சொன்னதா என்று சுடர்மதி கேட்டாள். இல்லை, இத்தனை வருடமாக எத்தனை பிள்ளைகள் எழுதியிருப்பார்கள், ஒருத்தருக்குமா தெரியாமல் போயிருக்கும் என்றாள் மர்ஜானா. அவர்களும் நம்மைப் போலவே பச்சை எழுத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்றான் நன்மாறன். மறுக்க மறுக்க அவள் குரல் உயர்ந்தது. அவள் ஒவ்வொரு வாசலாகப் போய்த் தட்டுவதையும், ஒவ்வொன்றாக அவை பூட்டியிருப்பதையும் எழினி பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பிள்ளைகள் இவ்வளவு நன்றாக யோசித்து அவள் பார்த்ததில்லை.

துணைச்செவி மெல்லப் பேசியது. இந்த உரையாடலைத் தவிர்ப்பது நல்லது. "நாளைக்குக் கூடத்துல பேசலாம், வீட்டுக்குப் போங்க" என்று சொல்லுங்கள்.

எழினி அதைக் கழற்றலாமா என்று நினைத்தாள். கழற்றியும் பயனில்லை. தான் சொல்வதை மர்ஜானா தன் வாப்பாவிடம் சொல்லியாக வேண்டும். வாப்பாவின் காதில் ஒன்று இருக்கிறது. அது கேட்கும். மதகைத் திறக்கும் நேரம் கடந்துவிட்டது, இனி வெள்ளத்தைத் தடுக்க வழியில்லை. ஒரு கட்டிலை மேட்டுக்குத் தூக்கிப்போக மட்டும் இன்னும் நேரம் இருக்கிறது. இருட்டுவதற்குள் நாலு பேர் போதும். அதே இருட்டுவதற்குள் இந்த நான்கு பேரையும் துணைச்செவி பொருத்த அழைத்துப்போகக் கூடத்திலிருந்து வண்டி வரும். நாளைக்குப் பியோ கடைசியில் பேசமாட்டான். நன்மாறன் எதையும் மறுக்கமாட்டான். சுடர்மதி விரலை மடக்கமாட்டாள். அவர்களுக்கு வலிக்காது, எது போனது என்றுகூடத் தெரியாது. அவளுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அவளுக்கும் யோசனை மனதில் தங்குவது துணைச்செவி பெட்டியில் இருக்கும்போதுதான்.

"எழினிக்கா." மர்ஜானா எழுந்து வந்து அவள் எதிரே நின்றாள். துப்பட்டா தோளிலிருந்து நழுவியிருந்தது. "நீங்க சரி, தப்பு எதுவும் சொல்லக்கூடாதுன்னு எனக்குத் தெரியும். நான் அதைக் கேக்கல. வாப்பா நான் சொன்னதாலதான் அங்கயே இருக்கார். எனக்கு வேற யாரையும் கேக்கத் தெரியல. நாங்க எழுதுனது எங்க போச்சு?"

நாளைக்குக் கூடத்துல பேசலாம், வீட்டுக்குப் போங்க என்று காதுக்குள் மறுபடி கேட்டது. குரல் கனிவாக இருந்தது. அந்தப் பெண்ணின் தோளில் கைவைத்தபடி சொன்னால் இன்னும் நன்றாக இருக்கும் என்றது.

நான்கு பேர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு எப்போதுமே பேச்சு வராத இடம் அது.

"எங்கயும் போகல, மர்ஜானா" என்றாள். "நீங்க எழுதுன எதையும் யாரும் படிக்கறதில்ல. நான் எழுதுனதையும் யாரும் படிக்கல."